அணைக்குக் காது குத்திய ஆடி

எங்கள் ஊர் அணையைப் பார்க்க வெளியூரிலிருந்து யாரும் வந்ததில்லை. வந்தால் ஏமாந்துதான் போவார்கள். மன்னார்குடியில் பஸ் பிடித்து, இறங்கி, வரப்பும் கரையுமாக நடந்து வந்தால், வெண்ணாற்றிலிருந்து பிரிந்த ஒரு சின்ன ஆற்றின் குறுக்கே ஆள் உயரம்கூட இல்லாத ஒரு செங்கல் கட்டு நிற்கும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. மேலே தேய்ந்துபோன கருங்கல் வரிசை. பாலத்துக்கு இருப்பதுபோல நடுவில் கண்கள். ஒவ்வொரு கண்ணின் இரண்டு ஓரத்திலும் கல்லில் ஒரு காடி செதுக்கியிருப்பார்கள். அந்தக் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் ஆற்றுத் தண்ணீர் ஏறி எங்கள் வாய்க்காலுக்குள் திரும்பும். பலகையை எடுத்தால் ஆறு தன் போக்கில் போகும். அணையின் வித்தை அவ்வளவுதான். யார் கட்டியது என்று கேட்டால் ஒருவர் மராட்டிய ராஜா என்பார், இன்னொருவர் வெள்ளைக்காரன் என்பார். இரண்டு பேருக்கும் தெரியாது என்பதே உண்மை.

நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அணையில் எனக்குப் பிடித்தது கண்ணும் பலகையும் அல்ல, ஓட்டைகள். கரை மண் சரியாமல் இருக்க அணையின் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியிருந்தார்கள். எங்கள் கரைச் சுவரில், அணையைத் தாண்டி ஆறு கீழே இறங்கும் இடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளைகள் இருந்தன. சுடுமண் குழாய்த் துண்டுகளைக் கட்டும்போதே வைத்துக் கட்டியவை. ஆற்றில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கரை மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர் அந்தத் துளைகளில் சொட்டும். சிலவற்றில் விரல் கனத்துக்கு ஒழுகும். ஆறு கலங்கலாக ஓடும்போதும் அது மட்டும் தெளிந்து வரும். ஊரில் பஞ்சாயத்துக் குழாய் வருவதற்கு முன்பே எங்களுக்குக் குழாயடி இருந்தது; குழாயடிச் சண்டையும் இருந்தது. வீட்டுக்கு ஒரு துளை பாத்தியம். வந்த புதிதில், எதிர்வீட்டு அக்காவின் துளைக்குக் கீழே தெரியாமல் நான் குடம் வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் என் குடத்தைத் தூக்கித் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தார். எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் நிலம் கடைமடை. வாய்க்கால் முடிகிற இடத்தில், மற்றவர்கள் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால் உண்டு என்கிற நிலம். அணையின் காடிகள் தேய்ந்து, பலகைக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். கருங்கல் வரிசையில் இடைவெளி, கீழ்த் தளத்தில் வெடிப்பு. வருகிற தண்ணீரில் பாதி நிற்காமல் போய்விடும். ஆடி மாதம் தலைமடைக்காரர்கள் குறுவைக்குக் களை பறிக்கும்போது எங்கள் வயலில் ஆடு மேயும். ஐப்பசி மழையை நம்பி ஒரு சம்பா மட்டும் போடுவோம். ஒரு போகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று, எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் போன வழியில் என் கணவரும் சிங்கப்பூர் போனார். அந்த வருஷங்களில் ஊரில் பந்தக்கால் ஊன்ற ஆள் கிடையாது; வீட்டுக்கு வீடு கலர் டிவி மட்டும் இருந்தது.

அங்கே அவருக்குக் கிடைத்தது லீக் அடைக்கிற வேலை. மொட்டைமாடி, குளியலறை, தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடம், எங்கே தண்ணீர் கசிந்தாலும் இவருடைய கேங் போய் சிமெண்டில் ஏதோ மருந்தைக் கலந்து பூசி அடைத்துவிட்டு வரவேண்டும். கெட்டிக்காரர் என்று அங்கே பேர் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன். நீங்க?" "நல்லாருக்கேன்." பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது வேறு என்ன பேசுவது? வருஷக்கணக்கில் எங்கள் குடும்பம் இந்த நாலு வார்த்தையில் ஓடியது.

ஒரு சித்திரையில் நீண்ட லீவில் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. ஓட்டு வீட்டின் ஒழுகல், கொல்லைத் தொட்டியின் கசிவு, அடிப்பம்பின் வாஷர், எல்லாவற்றையும் தேடித் தேடி அடைத்தார். "வீட்டுல ஒழுகுறதுன்னு இனிமே ஏம் மூக்கு ஒண்ணுதான் பாக்கி" என்றேன். அதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

வீட்டில் வேலை தீர்ந்ததும் அணைக்குப் போனார். கோடையில் ஆறு மணலாகக் கிடந்தது. அணை அடி முதல் நுனி வரை வெளியே தெரிந்தது. உள்ளே குனிந்து, காடிகளுக்குள் கையை விட்டு, வெடிப்புகளில் குச்சியை நுழைத்துப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில், கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத பிரகாசம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"நம்ம அணையில கோளாறு ஒண்ணும் பெருசா இல்ல. எல்லாம் லீக்குதான். அத நான் அடைப்பேன். அடைச்சா தண்ணி கடைமடைக்கு ஏறும். ஏறிடுச்சுன்னா ரெண்டு போகம். ரெண்டு போகம் வந்துட்டா நான் எதுக்குத் திரும்பிப் போறேன்?"

கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். அவர் போகாமல் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது. ஆவணியில் திரும்பிப் போக டிக்கெட் பீரோவில் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அணை வேறு, அவர் வேறு என்று இல்லாமல் போயிற்று.

ஒரு காலத்தில் கோடைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டி, அணையையும் பூசிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. குடிமராமத்து என்பார்கள். ஆட்கள் கடல் தாண்டியதும் அது நின்றுபோயிருந்தது. இவர் அதைத் திரும்பத் தொடங்கினார். ஆற்று இலாகாவின் இளம் இன்ஜினியர் ஒருவர், சின்னச் சின்ன வெடிப்புகளை அடைத்துக்கொள்வதில் தடையில்லை என்று சொல்லியிருந்தார். ஊரில் மிச்சம் இருந்த ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். நாங்கள் மணல் சலித்தோம், தண்ணீர் சுமந்தோம். இவர் தேய்ந்த காடிகளைச் செதுக்கிச் சீராக்கி, புதுப் பலகைகளை வழுக்கிக்கொண்டு இறங்கும்படி பொருத்தினார். கல் இடைவெளிகளை அடைத்தார். தளத்து வெடிப்புகளைப் பிளந்து கழுவி, தன் மருந்தைக் கலந்து பூசினார். அந்த வேலையில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

கடைசியாகச் சுவர். கோயிலுக்குத் திருப்பணி செய்கிற மாதிரி பழைய காரையைக் கொத்திவிட்டு, மேலிருந்து கீழ்வரை மழமழவென்று பூசினார். எங்கள் துளைகளையும் சேர்த்துத்தான். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"என்னா தம்பி, எங்க குழாயெல்லாம் அடைச்சிப்புட்டீங்க? அந்தத் தண்ணியில பருப்பு வேவுற மாதிரி எந்தத் தண்ணியில வேவும்?"

"அக்கா, அணையில ஓட்ட இருந்தா அது அணையா? நீங்களே சொல்லுங்க."

அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். நியாயமாகத்தானே இருந்தது? ஊரே தலையாட்டியது. ஆளாளுக்குக் கரையில் நின்று, புதுப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனி மாதம் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக மணலை நனைத்துக்கொண்டு வந்து அணையில் முட்டி நின்றது. பலகைகளை இறக்கினார்கள். ஒரு கீற்றுக்கூடக் கசியவில்லை. ஆறு ஏறி வாய்க்காலுக்குள் திரும்பி, தலைமடையைத் தாண்டி, நடுவைத் தாண்டி, எங்கள் வயலின் மடைவாயில் குபுகுபுவென்று விழுந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலின் நடுவில் போய் நின்றார். கணுக்கால் மூழ்கும்வரை நகரவே இல்லை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம்னு நெனைக்கிறேன்" என்றார்.

நாற்று விட்டோம், பறித்தோம், நட்டோம். கல்யாணமாகி முதன்முதலாக ஆடியில் எங்கள் வயல் பச்சையாக இருந்தது. நான் நடவுப் பெண்களோடு சேர்ந்து குலவை போட்ட சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் சொன்னது "நினைக்கிறேன்" என்றுதான். டிக்கெட் இன்னும் பீரோவில்தான் இருந்தது. பட்டுப்புடவை எடுக்கிற சாக்கில் பீரோவைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

ஆடி பிறந்த கொஞ்ச நாளில், புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அணைக்கரை வழியே வந்தேன். பக்கச்சுவருக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் என் கால் பொதக்கென்று உள்ளே போயிற்று. மழை இல்லை. எலி வளையும் இல்லை. சுற்றிலும் மண் மிதிபட்டால் தளும்பியது. கட்டைக் கீழே போட்டுவிட்டு, கரையோரமாகக் குனிந்து சுவரைப் பார்த்தேன். நேராக நின்ற சுவர் நடுவில் லேசாக முன்னால் தள்ளியிருந்தது, மாசமான பெண்ணின் வயிறு முதலில் தெரிகிற அளவுக்கு. பூச்சின் மேல் ஈரம் படர்ந்திருந்தது. சுவரின் காலடியில், தளத்து ஓரத்தில், ஒரு சின்ன ஊற்று மணலைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது. அதில் வந்த தண்ணீர் கலங்கல்.

எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக அந்தச் சுவரிலிருந்து குடிதண்ணீர் எடுத்தவள் நான். முன்பு துளை வழியாக வெளியே வந்த தண்ணீர் இப்போது எங்கே போகும் என்று யோசிக்கப் படிப்பு தேவையில்லை. சுவர் போனால் கரை போகும். கரை போனால் ஆறு அணையை அப்படியே நிற்க விட்டுவிட்டுப் பக்கத்தில் புது வழி வெட்டிக்கொண்டு ஓடும். வாய்க்கால் காயும். குறுவை போகும். பள்ளத்தில் இருக்கும் தெரு மூழ்கும்.

இதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? என் கணவர் ரோஷக்காரர். எங்கள் கல்யாணமான புதிதில் என் சித்தப்பா வீட்டு விருந்தில் யாரோ, "மாப்பிள்ள நிலம் கடைமடையாமே, பந்தியிலயும் கடைசிதானா?" என்று விளையாட்டுக்குச் சொல்லப்போக, இலையில் சாதம் இருக்க எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஊர் முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடிய வேலையில் தப்பு இருக்கிறது என்று சொன்னால், தப்பைத் திருத்துவார். அதில் சந்தேகமில்லை. திருத்திவிட்டு முகம் காட்டப் பிடிக்காமல் விமானம் ஏறிவிடுவார். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சொல்லாவிட்டால் அணை போகும், சொன்னால் மனிதர் போவார். ஆற்றங்கரையில் நின்று அழுதேன். அந்தக் கலங்கல் ஊற்று நான் அழுது முடிக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, கை கழுவியதும் சொன்னேன்.

"என்னங்க, சுவரு தள்ளுது. நம்ம அடைச்ச தொளையாலதான்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

"லீக்க நிறுத்துறது ஏந்தொழிலு. ஒரு சொட்டு வெளிய வரக்கூடாதுன்னு அத்தன வருஷம் எனக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. நீ குடம் வைக்க எடம் இல்லன்னு சொல்லு, ஒத்துக்குறேன்."

எனக்கும் கோபம் வந்தது. "குடத்த எந்தலையிலயே கவுத்துக்குறேன். நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெயில் சாயும்வரை வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். சுவருக்கு எதிரே, அக்கரைப் படித்துறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அங்க தரைக்குக் கீழ சுவரு எழுப்புவாங்கல்ல, அதுக்கு வெளிப்பக்கம் ஜல்லி போட்டு, ஓட்டப் பைப்பு பொதைச்சு, மண்ணுத் தண்ணிய வடிச்சு விட்டுருவாங்க. அத வேற கேங்கு பண்ணும். நாங்க போறதுக்கு முன்னாடியே மண்ணப் போட்டு மூடிருவாங்க. எங்களுக்குக் காட்டுறது உள்பக்கம் மட்டுந்தான். இங்க பூசு, அங்க பூசு. வெளிப்பக்கத்த நான் பாத்ததே இல்ல. அது தனியா நடக்குற வேலைன்னுகூட மறந்து போச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடச்சுத் தொறந்து விட்டுடுறேன். எல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன். ஆவணி பொறந்ததும் கெளம்பிடுறேன்."

நான் பயந்தது அதுதான். வந்தேவிட்டது. பயந்தது நடந்துவிட்டால் பிறகு என்ன பயம்? மனசில் இருந்தது எல்லாம் கொட்டிவிட்டது.

"போங்க. தாராளமாப் போங்க. பூத்துல நின்னு நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொன்னேனே, ஒரு நாளாச்சும் நான் நல்லா இருந்தேனான்னு தெரியுமா உங்களுக்கு? காச்சல்ல கெடந்தப்பயும் நல்லாருக்கேன். சம்பா மூழ்குனப்பயும் நல்லாருக்கேன். ஒரு சுவத்துல தப்பு வந்ததுக்கு ஊருக்கு மொகம் காட்ட முடியலைன்னா, நான் ஒருத்தியா இந்த ஊருக்கு எத்தன மொகம் காட்டியிருப்பேன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றையே பார்த்தார். கடைசியில், "நானும் நல்லா இல்லதான்" என்றார் மெதுவாக. இருவரும் எழுந்து வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலை அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியரைக் கூட்டி வந்தார். நடந்ததை அவரே வாய் திறந்து சொன்னார். இன்ஜினியர் சுவரின் வயிற்றை ஒரு கல்லால் தட்டிப் பார்த்தார். காலடி ஊற்றில் கையை விட்டு மணலைத் தேய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது.

"முதல்ல இந்தக் கரையில ஆள் நடமாட்டத்த நிறுத்துங்க. முள்ளு வெட்டிப் போடுங்க. மேல தண்ணியக் கொறைக்கச் சொல்லிடுறேன். பலகைய எடுங்க, ஆனா மடமடன்னு எடுத்துடாதீங்கண்ணே. ஆத்துத் தண்ணி வெடுக்குனு எறங்குனா, சுவத்துக்குப் பின்னாடி ஊறி நிக்கிற தண்ணி மொத்தமாத் தள்ளிடும். ஒவ்வொண்ணா எடுங்க. அதுக்கப்புறம் தொளையத் தொறங்க. மேல் வரிசையிலேருந்து ஆரம்பிங்க."

அவர் சொன்னபடியே பலகைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆறு மெல்ல மெல்ல இறங்கியது. வாய்க்கால் இறங்கியது. எங்கள் வயல் மடையும் நின்றது. துளைகளைத் திறக்கும் வேலை வந்து விடிந்தது எந்த நாள் தெரியுமா? ஆடிப் பதினெட்டு. சுற்றுப்பட்டுப் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்கு வரும் நாள். யாரும் பார்க்காமல் முடித்துவிடலாம் என்று இவர் நினைத்திருந்தாரோ என்னவோ, அந்த யோகம் அவருக்கு இல்லை.

எங்கள் கரையை முள் போட்டு மறித்திருந்ததால் கூட்டம் முழுவதும் அக்கரையில் நின்றது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, மஞ்சள் கயிறு, ஆற்றுக்கு விடும் காதோலை கருகமணி என்று தட்டும் கையுமாகப் பெண்கள். இவர் அரைக்கால் சட்டையோடு, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தள்ளி இருந்த பூவரச மரத்தில் சுற்றிப் பிடித்த நாலு ஆட்களை நம்பி, முழங்கால் தண்ணீரில் சுவருக்கு எதிரே நின்றார். கையில் உளி, சுத்தியல். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம்தான் புரிந்தது. துளை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருந்தார்.

அக்கரையில் பெண்களுக்குத் தெரியாமல் இருக்குமா? "கொஞ்சம் மேல! இன்னும் கெழக்கால!" என்று ஒருத்தி கத்தினாள். "அது அவ தொளை. எந்தொளை அதுக்கு ஒரு சாண் கீழ!" என்று இன்னொருத்தி. பழைய குழாயடிச் சண்டை ஆற்றுக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியது. அவர் உளியை வைத்து அடிக்க அடிக்க, சரியாக அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்து சுடுமண் வளையம் தெரிந்தது. அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"என்னா தம்பி, அணைக்குக் காதா குத்துறீங்க? தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுல்ல குத்தணும்!"

கரை முழுவதும் கொல்லென்று சிரித்தது. இலையில் சாதம் இருக்க எழுந்த மனிதரை நான் மறந்திருந்தேனா என்ன? அவர் சுத்தியலை நிறுத்திவிட்டார். திரும்பி அக்கரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. யாரோ அக்காவின் முழங்கையைக் கிள்ளினார்கள்.

"மாமன நீங்கதான்க்கா பாத்து அனுப்பணும்" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். "வெறுங்கையோட வேணாம், சீரோட அனுப்புங்க!"

அந்தச் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிது. அவரும் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. புடவைத் தலைப்பு நனைந்திருந்தது மட்டும் தெரியும்.

திரும்பிக் கடைசி அடியை அடித்தார். துளை திறந்து, செந்நிறச் சேறு அவர் முகத்திலும் மார்பிலும் பீய்ச்சி அடித்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் சட்டென்று இழுத்தார்கள். முகத்தை வழித்துக்கொண்டு அடுத்த துளைக்குப் போனார். ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாவற்றிலும் கலங்கல்தான். இன்ஜினியர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடிப்பதும், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதும், கொட்டுவதுமாக இருந்தார். மண் வருகிற வரைக்கும் பயம்தான், தெளிந்தால்தான் நிம்மதி என்றார். பொழுது ஏறியது. ஒருவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. உச்சி வெயிலில் ஒருமுறை டம்ளரைத் தூக்கியவர் அதைக் கொட்டவில்லை. அப்படியே இவரிடம் நீட்டினார். தெளிந்த தண்ணீர். காலடி ஊற்றும் அடங்கியிருந்தது.

யார் தடுத்தும் கேட்காமல் எதிர்வீட்டு அக்கா தட்டோடு சுற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிட்டார். ஆற்றில் விடக் கொண்டுவந்த காதோலையை எடுத்து, தன்னுடைய துளையில் செருகினார். "காது குத்துனா ஓலை போட வேணாமா?" என்றார். துளை அதைத் துப்பியது. ஓலை ஆற்றில் விழுந்து சுழன்று சுழன்று போயிற்று. எப்படியும் ஆற்றுக்குச் சேரவேண்டியதுதானே என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து வைத்துக்கொண்டே, இன்ஜினியர் சொன்ன கணக்கில், சுவருக்குப் பின்னால் ஊறிக்கிடந்த மண்ணை எடுத்துவிட்டு உடைசெங்கலும் ஜல்லியும் மணலும் நிரப்பினார்கள். தள்ளிய இடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். கூப்பிடாமலே ஆட்கள் வந்தார்கள். இந்த முறை இவரைச் "சிங்கப்பூர்க்காரர்" என்று யாரும் சொல்லவில்லை. "காதுகுத்துக்காரர்" என்றார்கள். அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. குறுவைப் பயிர் கொஞ்சம் வாடி நின்றது. பலகைகள் மறுபடி இறங்கி, தண்ணீர் கடைமடைக்கு ஏறியதும் ஒரே வாரத்தில் தூக்கிக்கொண்டது.

ஆவணி பிறந்தது. டிக்கெட் பீரோவிலேயே இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே பதில் சொல்லிவிடுவாரோ என்றுதான்.

ஒரு காலை நேரம், பி.வி.சி. பைப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு அணைக்குக் கிளம்பினார். பழைய கொசுவலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஒவ்வொரு பைப்பின் முனையிலும் வலையைக் கட்டி, மண் வராமல் தண்ணீர் மட்டும் வரும்படி, அதைத் துளைக்குள் செருகினார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை குடத்து வாய்க்கு நேராக விழும்படி வளைத்து வைத்தார். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. அதற்குத் தள்ளி எனக்கு ஒன்று, மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாக. நான் குள்ளம்.

"இந்த வலையில மண்ணு ஏறிக்கும்" என்றார், குனிந்த தலை நிமிராமல். "கோடைக்குக் கோடை உருவி எடுத்து வலைய மாத்தணும். விட்டா மறுபடி அடச்சிக்கும்."

"யாரு மாத்துறது?" என்று கேட்டேன்.

"இது என்னா கேள்வி? நான்தான்" என்றார். அடுத்த வலைத் துண்டுக்குக் கையை நீட்டினார்.